இரண்டு பிரிவுக்கும் ஒரு விதானையார்

எங்கள் விதானையாருக்குச் சீனி வருத்தம் வந்ததற்குக் காரணம் நடுநிலைமை. வேறு எதுவும் இல்லை. ஊரில் இரண்டு தேத்தண்ணிக் கடைகள் இருந்தன. ஒன்றில் குடித்தால் மற்றதிலும் குடித்தாக வேண்டும் என்பது அவருடைய சட்டம். காலையில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே. பத்து மணிக்கு ஒன்று அங்கே, ஒன்று இங்கே. இந்தக் கடைக்காரர் கைதவறி ஒரு கரண்டி சீனி கூடப் போட்டுவிட்டால், அந்தக் கடையிலும் ஒரு கரண்டி கூடப் போடச் சொல்வார். டொக்டர் ஏசியபோது, "நான் என்ன செய்யிற டொக்டர், ரெண்டு பக்கமும் சமனா இருக்கணுமே" என்றாராம். டொக்டர் குளிசை எழுதிக் கொடுத்தார். அதையும் இரண்டாக உடைத்து, ஒரு பாதியை ஒரு கடையிலும் மறு பாதியை மற்றக் கடையிலும் விழுங்கினார்.

அரசாங்கத்தின் கணக்கில் அவர் கிராம உத்தியோகத்தர். அதற்கு முன் அந்தப் பதவிக்குக் கிராம சேவகர் என்று பெயர். அதற்கும் முன் விதானையார். அரசாங்கம் எத்தனை தரம் பெயரை மாற்றினாலும் ஊர் பழைய பெயரை விடுவதாக இல்லை. நான் அவருடைய அலுவலகத்தில் ஆறு வருடம் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்தேன். பட்டம் முடித்துவிட்டுக் கல்லடியில் வீட்டோடு கிடந்தவளைக் கூப்பிட்டு, தினமும் பஸ் ஏறிக் குருக்கள்மடத்துக்கு இந்தப் பக்கம் வாவியோரம் இருந்த அந்த ஊருக்குப் போய், ஒரு மேசைக்குப் பின்னால் உட்காரச் சொன்னார்கள். என்ன அபிவிருத்தி செய்தாய் என்று என்னிடம் கேட்கக் கூடாது. எதிர் மேசையில் இருந்த அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அந்த இரண்டு பக்கம் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் கண்ணகியம்மன் கோயில் உள்ள சில ஊர்களில் கொம்பு முறிப்பு என்று ஒரு விளையாட்டு உண்டு. வளைந்த மரக் கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி, ஊர் இரண்டாக நின்று இழுக்கும். எந்தப் பக்கத்துக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோற்றது. ஒரு பக்கம் வடசேரி, மறு பக்கம் தென்சேரி. வீடு எங்கே இருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஊரில் தகப்பன் எந்தச் சேரியோ பிள்ளையும் அந்தச் சேரி. அடுத்தடுத்த வீடுகளில் இரண்டும் கலந்து கிடக்கும். சில வீடுகளில் புருசன் வடசேரி, பெண்சாதி தென்சேரி, அடுப்பு ஒன்று.

விதானையாருடைய தகப்பன் வடசேரி, தாய் தென்சேரி. ஊர்ச் சட்டப்படி அவர் வடசேரிதான். ஆனால், "அப்ப எங்கட அம்மா ஆரு, ரோட்டால போன ஆளா?" என்று கேட்டு அதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. கலியாணமும் செய்யவில்லை. இள வயதில் இரண்டு சேரியிலிருந்தும் ஒரே கிழமையில் சம்பந்தம் பேசி வந்தார்களாம். ஒன்றுக்கு ஓம் என்றால் மற்றது மனம் நோகுமே என்று அவர் யோசித்துக்கொண்டே இருக்க, இரண்டு பெண்களும் கலியாணம் முடித்துப் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர வதிவிடச் சான்றிதழ் கேட்டு இவரிடமே வந்து நின்றார்கள். இரண்டு சான்றிதழையும் ஒரே நாளில் கொடுத்தாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

ஊர் மட்டுமில்லை, நாடும் சமனாக இருக்கவேண்டும் அவருக்கு. அலுவலகச் சுவரில் மூன்று வரைபடங்கள் தொங்கின. முதலாவதில் மட்டக்களப்பு மாவட்டம் தெற்கே நீண்டு கிடக்கும். அம்பாறை என்று ஒரு மாவட்டமே அதில் இல்லை. இரண்டாவதில் அம்பாறை பிரிந்துவிட்டது, ஆனால் வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக ஒரே நிறம். மூன்றாவதில் அவையும் பிரிந்து இரண்டு நிறம். பழையதைக் கழற்றுங்கள் சேர், ஆட்கள் குழம்புகிறார்கள் என்று ஒருநாள் சொன்னேன்.

"ஒண்டக் கழட்டினா மற்றத நான் சரியெண்டு சொன்ன மாதிரி வரும் பிள்ள."

"மூன்றாவதுதானே சேர் இப்ப சரி?"

"இப்ப சரி. நாளைக்கு?" என்றவர், பேனையை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நாட்டில எத்தின மாவட்டம்?"

"இருபத்தைந்து."

"மாகாணம்?"

"ஒன்பது."

"இருபத்தஞ்ச ஒன்பதால பிரிச்சுப் பாருங்க. ஆளுக்கு ரெண்டு. மிச்சம் ஏழு நிக்கும். அங்கதான் எல்லாம் பிழைச்சது."

நாட்டின் பிரச்சினைகளுக்கு இத்தனை சுருக்கமான விளக்கத்தை நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கேட்டதில்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் பிரதேச செயலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஊரில் குடும்பங்கள் கூடிவிட்டன, ஆகவே பிரிவை இரண்டாக்கப் போகிறோம், எல்லை எப்படிப் போகலாம் என்று உம்முடைய சிபாரிசை அனுப்பும். கடிதத்தின் கடைசி வரியில், பிரித்த பின் இரண்டில் எதில் கடமையாற்ற விரும்புகிறீர் என்றும் கேட்டிருந்தார்கள். முழுக் கடிதத்தையும் எனக்கு வாசித்துக் காட்டினார். கடைசி வரியை மட்டும் வாசிக்கவில்லை. பிறகு நான் கோப்பில் போடும்போதுதான் பார்த்தேன்.

எல்லை வேலையில் இறங்கினார் பாருங்கள், மூன்று கிழமை மனிதரைக் கதிரையில் காண முடியவில்லை. குடும்பங்களை எண்ணி முடித்து, வடசேரி தென்சேரிக் குடும்பங்களைத் தனித்தனியாக எண்ணி, பிறகு கிணறுகளை எண்ணி, கோயில்களை எண்ணி, காய்க்கும் தென்னைகளை எண்ணினார். கடைசியில் குடிகாரர்களையும் எண்ணினார்.

"அது என்னத்துக்கு சேர்?"

"எல்லாக் குடிகாரனும் ஒரு பிரிவுக்குப் போனா அங்க வாற உத்தியோகத்தர் என்ன பாடு படுவார்? பாவமில்லையா?"

அவர் வரைந்த எல்லை ஒரு வீட்டுக்கு முன்னாலும் அடுத்த வீட்டுக்குப் பின்னாலும் போய், கோழிக்கூட்டைச் சுற்றி, மாட்டுப்பட்டியை இரண்டாக்கி, வந்த வழியே திரும்பி, கடைசியில் ஒருவழியாக வாவியில் விழுந்தது. நில அளவை ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு, இடியப்பம் பிழிந்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். பிறகு கோயிலடியிலிருந்து வாவிக்கரைக்குப் போகும் ஒழுங்கையை எல்லையாகப் போட்டு, இந்தப் பக்கம் ஒன்றாம் பிரிவு, அந்தப் பக்கம் இரண்டாம் பிரிவு என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். நாங்கள் என்ன இரண்டாந்தரமா என்று அந்தப் பக்கம் கொதித்தது. விதானையார் உடனே பிரதேச செயலாளருக்கு எழுதினார், இரண்டுக்கும் ஒன்றாம் பிரிவு என்றே பெயர் வைத்தால் என்ன என்று. செயலாளர் மேடம் பதில் போடவில்லை.

அடுத்து, விதானையார் யாருக்கு என்ற பேச்சு எழுந்தது. கடிதத்தின் கடைசி வரி எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை என்று சத்தியம் செய்யமாட்டேன். இரண்டு தேத்தண்ணிக் கடைக்காரர்களும் வந்தார்கள். ஒருவர் வடசேரிக்குப் பெரியவர், மற்றவர் தென்சேரிக்குப் பெரியவர்.

"எங்களோட நில்லுங்க" என்றார் வடசேரிக் கடைக்காரர்.

"அது எப்படிகா, எங்களோடதான் நிக்கணும்" என்றார் தென்சேரிக் கடைக்காரர்.

விதானையார் எழும்பி இரண்டு பேருக்கும் கதிரை போட்டார். இரண்டையும் சுவரிலிருந்து ஒரே அளவு தள்ளி வைத்தார். அவர் நெற்றி வேர்த்திருந்தது. அன்றைக்குத்தான் இது அவருக்கு விளையாட்டில்லை என்று எனக்கு உறைத்தது. ஒரு பக்கத்தின் பெயரைச் சொன்னால், இத்தனை வருடம் சமன் பார்த்ததெல்லாம் அந்த ஒரு சொல்லோடு போய்விடும்.

அவர் சொல்லாததால் ஊர் முடிவு செய்தது. அந்த வருடம் மழையும் இல்லை. கொம்பு முறித்து எத்தனையோ காலமாகிவிட்டது, அம்மனுக்கும் செய்ததாக இருக்கும், வெல்லுகிற சேரிக்கு விதானையார் என்றார்கள். பின்னேரம் கோயில் வெளியில் ஊரே நின்றது. புருசன்மார் ஒரு வடத்திலும் பெண்சாதிமாரின் அண்ணன் தம்பிமார் மறு வடத்திலும் தொங்கினார்கள். விதானையார் என்ன செய்தார் தெரியுமா? நூறு எண்ணும் வரை வடசேரி வடத்தைப் பிடித்து இழுத்தார். பிறகு ஓடிப்போய் நூறு எண்ணும் வரை தென்சேரி வடத்தை இழுத்தார், பிறகு திரும்பவும் வடசேரிக்கு ஓடினார். தன்னைத் தானே வெல்லப் பாடுபட்ட ஒரே ஆளாக அங்கே அவர் மட்டும்தான் இருந்திருப்பார். அவர் வடசேரிப் பக்கம் அறுபத்து மூன்று எண்ணும்போது தென்சேரியின் கொம்பு படாரென்று முறிந்தது.

கேட்க வேண்டுமா? வடசேரி ஆட்கள் துள்ளினார்கள். தோற்ற பக்கத்தைப் பழித்துப் பாடினார்கள். மச்சான் மச்சானுக்குப் பல்லிளித்துக் காட்டினான். வடசேரிக் கடைக்காரர் விதானையாரின் கையைப் பிடித்து உயர்த்தி, "இனி இவர் எங்கட ஆள்!" என்று கத்தினார்.

நான் கல்லடிக்காரி. எனக்குச் சேரியுமில்லை, வடமுமில்லை. சும்மா நின்றவள் சும்மா இருந்திருக்கலாம்.

"ஐயா, உங்கட வீடு எந்தப் பிரிவு?" என்று வடசேரிக் கடைக்காரரைக் கேட்டேன்.

"ஒண்டாம் பிரிவு."

"உங்கட தம்பிட வீடு?"

"அது ஒழுங்கைக்கு அங்கால. ரெண்டு."

"அவரும் வடசேரிதானே? அப்ப சேர் எந்தப் பிரிவுக்குப் போறது?"

பாட்டு நின்றது. வடசேரிக்காரர்கள் பாதிப்பேர் ஒன்றில், பாதிப்பேர் இரண்டில். தென்சேரியும் அப்படியே. எந்தச் சேரி வென்றாலும் விதானையார் எந்தப் பிரிவுக்கும் போகமுடியாது என்பதை, வடம் திரித்த நாளிலிருந்து ஊரில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. இரண்டாகப் பிரிவது என்றாலே அவர்களுக்கு அந்தப் பழைய பிரிவுதான். விதானையார் மட்டும் முகம் மலர்ந்து நின்றார். அன்று மழையும் பெய்தது என்று சொல்ல ஆசைதான். பெய்யவில்லை. முறிந்த நேரத்தில் வடசேரி வடத்தைப் பிடித்திருந்த குற்றத்துக்காக அவர் மூன்று மாதம் தென்சேரிக் கடையில் தினமும் ஒரு தேத்தண்ணி கூடக் குடித்தார்.

இத்தனை அமளிக்கும் பிறகு பிரதேச செயலகம் அறிவித்தது, இரண்டாம் பிரிவுக்குப் போட ஆள் இல்லை என்று. விதானையாருக்கு ஒன்றாம் பிரிவு நிரந்தரம், இரண்டாம் பிரிவு, ஆள் வரும்வரை பதில் கடமை. அதே ஆள், அதே கதிரை, முத்திரை மட்டும் இரண்டு.

அவர் வாழ்நாளில் மிகவும் சந்தோசமாக இருந்த வருடம் அதுதான். திங்களும் புதனும் ஒன்றாம் பிரிவு, செவ்வாயும் வியாழனும் இரண்டாம் பிரிவு, வெள்ளி மத்தியானத்தோடு கதிரையை மற்றப் பக்கம் திருப்பிப் போட்டுவிடுவார். ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஒரு குடும்பம் வீடு மாறினால், ஒன்றாம் பிரிவு உத்தியோகத்தர் இரண்டாம் பிரிவு உத்தியோகத்தருக்குக் கடிதம் எழுதவேண்டும். எழுதினார். மறுநாள் பெற்றுக்கொண்டதாகப் பதிலும் எழுதினார். ஒருமுறை ஒன்றாம் பிரிவு, இரண்டாம் பிரிவின் மாடுகள் எல்லை தாண்டி வந்து கத்தரித் தோட்டத்தை மேய்வதாக முறைப்பாடு அனுப்பியது. இரண்டாம் பிரிவு, "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. அதிலுள்ள குற்றச்சாட்டை முற்றாக மறுக்கிறேன்" என்று பதில் அனுப்பியது. அதை வாசித்துவிட்டு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"சேர், எழுதினதும் நீங்கதானே?"

"எழுதினது நான்தான். ஆனா எழுதின விதம் சரியில்ல பிள்ள. கொஞ்சம் மரியாதையா எழுதியிருக்கலாம்."

அந்தச் சந்தோசத்துக்கும் முடிவு வந்தது. ஏறாவூரிலிருந்து புதிதாக ஒரு பெடியனுக்கு நியமனம் கொடுத்தார்கள். இந்த முறை கடிதம் அல்ல, படிவம். இரண்டில் எந்தப் பிரிவில் தொடர விரும்புகிறீர்? காரணம் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் இரண்டும் இல்லை, வேறு ஊருக்கு மாற்றம்.

மனிதர் இளைத்துப்போனார். படிவத்தை மேசை லாச்சிக்குள் வைப்பார், எடுப்பார், வைப்பார். கடைக்காரர்கள் இரண்டு பேரும் வந்து கெஞ்சினார்கள். இம்முறை ஒருவரும் வடத்தைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு மனதுக்குள் உறுதியாக இருந்தது, அவர் ஒன்றையும் எழுதமாட்டார், வேறு ஊருக்கே போய்விடுவார் என்று. வியாழக்கிழமை பின்னேரம் படிவத்தை மடித்து என் மேசையில் வைத்தார். தபாலுக்கு இலக்கம் போடுவது என் வேலை. ஆகவே பிரித்தேன்.

இரண்டாம் பிரிவு என்று எழுதியிருந்தார். காரணம் என்ற இடத்தில் ஒரே வரி. "அங்கே ஒரு வீட்டில் என்னைச் சாப்பிடச் சொன்னார்கள்."

"என்ன சேர் இது?"

அவர் யன்னல் பக்கம் பார்த்தார். "போன மாரிக்கு வாவித் தண்ணி ஏறினதே, அது வடிஞ்ச பிறகு சேதம் பதியப் போனன். கரையில ஒரு வீடு. வாகரையில இருந்து புதுசா வந்த ஆக்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு என்னை ஆரெண்டே தெரியா. கரண்ட் மீற்றர் பார்க்க வந்த ஆள் எண்டு நினைச்சிட்டா. 'வெயிலுக்க வந்திருக்கீங்க, முதல்ல இருந்து சாப்பிடுங்க, மறுகா எழுதலாம்' எண்டு இறால் கறியும் சோறும் போட்டுத் தந்தவ."

"அதுக்காகவா?"

"இந்த ஊரில எத்தின கலியாணம், எத்தின செத்தவீடு, எத்தின திருவிழா. எல்லாத்துக்கும் போனன் பிள்ள. வடசேரி வீட்டுக்குப் போனா தென்சேரி வீட்டில சாப்பிட்டிருப்பார் எண்டு நினைப்பாங்க. தென்சேரி வீட்டுக்குப் போனா அங்க சாப்பிட்டிருப்பார் எண்டு நினைப்பாங்க. ஒருத்தரும் பிழையில்ல. நான்தான் அப்படிப் பழக்கி வச்சிட்டன். பசிக்குது எண்டு சொன்னா ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி வருமே."

சொல்லிவிட்டு, ஒரு பகிடி சொன்னவர் போலச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. ஆறு வருடமாக மத்தியானம் அவருக்கு எதிரே பார்சலைப் பிரித்துத் தின்றவள் நான். அம்மா கட்டித் தருகிற சோறு, மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல். அவர் பத்திரிகையை உயர்த்திப் பிடித்துக்கொள்வார். எந்த வீட்டிலாவது சாப்பிட்டிருப்பார் என்றுதான் நானும் நினைத்தேன். சேரியில்லாத நான்கூட ஒரு நாளும் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

படிவத்துக்கு இலக்கம் போட்டு அனுப்பினேன். காரணத்தை இரண்டு கடைகளிலும் நானே போய்ச் சொன்னேன். சண்டை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வடசேரிக் கடைக்காரர் கல்லாவில் இருந்தபடி தலையைச் சொறிந்துகொண்டார். தென்சேரிக் கடைக்காரர், "நாம அவருக்கு வெறும் தேத்தண்ணிதான் குடுத்திருக்கம் என்ன" என்றார்.

திங்கட்கிழமை அம்மாவிடம் சொல்லி இரண்டு பார்சல் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அவர் விடியவே தன் கோப்புகளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு, இனி அவருடைய அலுவலகமாகப் போகும் இரண்டாம் பிரிவு வாசிகசாலைக்குப் போய்விட்டாராம். அங்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று மத்தியானம் வெளிக்கிட்டேன். ஒழுங்கை முகப்பிலேயே ஒருவர் மறித்து, அங்கே ஏற்கெனவே பதினேழு வீட்டுச் சோறு வந்து கிடக்கிறது, எதைத் திறந்தாலும் எல்லாவற்றிலும் ஒரு வாய் எடுக்கவேண்டும் என்று மனிதர் வியர்த்துக்கொண்டிருக்கிறார் என்றார்.

திரும்பி வந்தேன். அவருடைய கதிரையில் ஏறாவூர்ப் பெடியன் உட்கார்ந்து, சுவரிலிருந்த மூன்று வரைபடங்களையும் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பஸ் மாறி வந்தவன். நான் என் பார்சலைப் பிரித்ததும், மேசையில் கிடந்த பழைய பத்திரிகை ஒன்றை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தான்.

"தம்பி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா, சாப்பிட்டன்" என்றான்.

"பொய் சொல்லாம இஞ்ச வாங்க" என்று மற்றப் பார்சலை அவன் பக்கம் தள்ளினேன்.